தேர்தல் முடியட்டும்

டாக்டர்: இன்னும் கொஞ்சம்... நாக்கை நல்லா வெளிய நீட்டுங்க.

உறுப்பினர்: ஆ... டாக்டரம்மா, ஒரு விஷயம்...

டாக்டர்: கண்ணாடியை வாய்க்குள்ள வெச்சிருக்கேன் சார். இப்ப பேசக் கூடாது.

மனைவி: அவரைப் போய்ப் பேசக் கூடாதுங்கறீங்களே! சட்டசபையில சபாநாயகரே மணியடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போனாரு.

டாக்டர்: ம்... சரி. ஆச்சு. வாயை மூடிக்கலாம்.

மனைவி: இந்த வார்த்தையை எங்க கல்யாணத்தன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

உறுப்பினர்: நீ சும்மா இரு. டாக்டரம்மா, நாளைக்குக் காலையில நான் மனுத் தாக்கல் பண்ணணும். வெளிய கார்ல ஆளுங்க காத்திருக்காங்க. கண்ணு பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு, முன்பக்கம் கண்ணாஸ்பத்திரியில நுழைஞ்சு பின்பக்கமா உங்ககிட்ட வந்திருக்கேன். ஒரு ஊசி போட்டு அனுப்புங்க, போதும்.

டாக்டர்: இந்தக் கரகரப்பு எப்ப ஆரம்பிச்சது?

உறுப்பினர்: முதல் தேர்தல்ல.

டாக்டர்: எந்த வருஷம்?

மனைவி: அவருக்கு வருஷமெல்லாம் கிடையாது டாக்டர். எங்க மூத்த பொண்ணு எப்பப் பொறந்தான்னு கேளுங்க. டெபாசிட் போன வருஷம்பாரு.

உறுப்பினர்: போனது உண்மைதானே! சுயேச்சையா நின்னேன். ஏணிச் சின்னம். நிஜ ஏணியையே தோள்ல தூக்கிட்டுத் தெருத்தெருவா சுத்தினேன். ஒரு வீட்டுல, கூரை ஒழுகுறதைச் சரி பண்ண வந்த ஆளுன்னு நெனச்சு மேல ஏத்தி விட்டுட்டாங்க.

டாக்டர்: ஏறினீங்களா?

உறுப்பினர்: ஏறிச் சரி பண்ணிட்டுத்தான் இறங்கினேன். ஓட்டுப் போட்டாங்களான்னு தெரியாது. அப்ப மைக் வாங்க வக்கில்ல. கத்திக் கத்தியே தொண்டை கட்டுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு.

டாக்டர்: அடுத்து எப்ப வந்தது?

உறுப்பினர்: ரெண்டாவது தேர்தல். கட்சி சீட்டுக் குடுத்தாங்க. மைக்கும் குடுத்தாங்க. ஆனா எதுத்து நின்னவர் வக்கீல். எங்க தொகுதியில வக்கீல்னா அவர் ஒருத்தர்தான். கணீர்னு வெண்கலக் குரல். அவர் பேசினா தெருமுனையில தூங்குற நாய் கூட எழுந்து உட்காரும். மண்ணைக் கவ்வினேன்.

மனைவி: ஏங்க, தொண்டை எப்பக் கட்டுச்சுன்னுதான் கேட்டாங்க. யாரு குரல் எப்படின்னு கேட்கல.

டாக்டர்: பரவால்லம்மா. சொல்லட்டும்.

மனைவி: இல்ல டாக்டர், அந்தக் கதையெல்லாம் இப்ப...

டாக்டர்: எனக்கு முழுசாத் தெரியணும். மூணாவது தேர்தல்ல?

உறுப்பினர்: மூணாவது தேர்தல்ல ஜெயிச்சேன்! அதைச் சொல்லியே ஆகணும். மறுபடியும் அதே வக்கீல். ஆனா அந்தத் தடவை ஆளுக்குக் குரல் எழும்பல. தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். சளி புடிச்சிருக்கும்னு நெனச்சேன்.

டாக்டர்: ம்.

உறுப்பினர்: நான் விடுவேனா? மைக்கைப் புடிச்சு அவர் மாதிரியே பேசிக் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அதுக்கப்புறம் நான் போற ஊர்ல எல்லாம் "வக்கீல் குரல்... வக்கீல் குரல்"னு கேட்டு வாங்கினாங்க. பிரச்சாரமே தேவைப்படல. அந்தத் தேர்தல் அந்த மேடையிலயே முடிஞ்சுது.

மனைவி: போதும்ங்க...

டாக்டர்: அதை அப்புறமும் பண்ணுவீங்களா?

உறுப்பினர்: நாலாவது தேர்தல் வரைக்கும் பண்ணினேன். அதுவும் ஜெயிச்சேன். அஞ்சாவதுல கட்சி மாறினேன், ஜனங்க முதுகுல தட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆறாவதுல திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. இப்ப ஏழாவது. ஆனா இன்னைக்கும் கட்சிக்காரனுங்க கூடினா அந்தக் குரலைக் கேட்காம விட மாட்டானுங்க.

டாக்டர்: அப்படிப் பேசும்போது தொண்டையை எப்படி இறுக்குவீங்கன்னு நான் பார்க்கணும். பேசிக் காட்டுங்க.

மனைவி: அய்யோ, வேண்டாம் டாக்டர்.

உறுப்பினர்: உனக்கு என்னடி வந்துச்சு? டாக்டரே கேட்கறாங்க. கேளுங்க... "பெரியோர்களே... தாய்மார்களே... நான் சத்தமா பேச வரல... சத்தியமா பேச வந்திருக்கேன்..." இது அவர் எல்லா மேடையிலயும் சொல்ற வசனம். சத்தமா பேச வரலன்னு அவர் சொன்னதும், அதான் சத்தமே வரலையேன்னு நான் அடுத்த மேடையில கேட்டேன். அவ்வளவுதான், கூட்டம்...

டாக்டர்: இன்னொரு தடவை.

உறுப்பினர்: ம்?

டாக்டர்: இன்னொரு தடவை பேசுங்க சார். மெதுவா.

உறுப்பினர்: "பெரியோர்களே... தாய்மார்களே... நான் சத்தமா பேச வரல... சத்தியமா..." அட! இன்னைக்கு ரொம்ப நல்லா வருதே. முன்னெல்லாம் தம் கட்டி இறுக்கணும்.

டாக்டர்: இப்ப இறுக்க வேண்டாம். இப்ப உங்க குரலே அதுதான். உங்க குரல்வளையில ஒரு கட்டி இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு தழும்பும் இருக்கு. ஏற்கெனவே யாரோ அதுல சதை எடுத்துச் சோதிச்சிருக்காங்க. யாரு சார்?

உறுப்பினர்: தழும்பா? அது... மீன் முள்ளு ஏதாவது...

டாக்டர்: மீன் முள்ளு இவ்வளவு சுத்தமா வெட்டாது.

மனைவி: சொல்லுங்க. இன்னும் யார்கிட்ட மறைக்கறீங்க?

உறுப்பினர்: ...சட்டசபைக் கூட்டம் நடந்தப்போ. தலைநகர்ல ஒரு டாக்டர். அதுக்கப்புறம் வேற ஒருத்தர்கிட்டயும் கேட்டேன்.

மனைவி: அணை பார்க்கக் குழுவோட போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அந்த வாரம்தானே?

உறுப்பினர்: உனக்கு எப்படி...

மனைவி: உங்க கைக்குட்டையைத் துவைக்கிறவ நான். அதுல இருக்கிறது வெத்தலைக் கறையா ரத்தமான்னு எனக்குத் தெரியாதா? நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன். ஊருக்கெல்லாம் பேசுற வாய், எனக்கு மட்டும் திறக்கல.

டாக்டர்: அவங்க என்ன சொன்னாங்க?

உறுப்பினர்: என்ன சொல்வாங்க... நீங்க சொல்லப் போறதைத்தான். அவங்க தப்பாப் பார்த்திருக்கலாம்னு ஒரு நப்பாசை. நீங்களாவது வேற மாதிரி சொல்வீங்கன்னு...

டாக்டர்: இல்ல சார். புத்துநோய்தான். அப்ப சின்னதா இருந்திருக்கும், கதிர்வீச்சு கொடுத்தே பார்த்திருக்கலாம். இப்ப வளர்ந்துடுச்சு. குரல்வளையையே எடுக்கணும். இந்த வாரமே.

உறுப்பினர்: எடுத்தா?

டாக்டர்: உயிர் இருக்கும். குரல் இருக்காது.

உறுப்பினர்: எடுக்கலன்னா?

டாக்டர்: கொஞ்ச நாளைக்குக் குரல் இருக்கும்.

மனைவி: கடவுளே...

உறுப்பினர்: போன் அடிக்குது பாரு. யாரு?

மனைவி: மாவட்டச் செயலாளர்.

உறுப்பினர்: எடுக்காத. டாக்டரம்மா, கேளுங்க. வாக்குப்பதிவு வரைக்கும் தாங்கினா போதும். ஏதாவது ஊசி, மருந்து, எதுவா இருந்தாலும் சரி. தேர்தல் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே நானே வந்து கழுத்தை நீட்டறேன்.

டாக்டர்: அதுக்குள்ள அது கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்கு இறங்கிடும்.

உறுப்பினர்: இறங்கட்டும்! குரல் இல்லாம நான் யாரு? சொல்லுங்க. எனக்குப் படிப்பு இருக்கா? அப்பன் சேர்த்த சொத்து இருக்கா? பின்னால நிக்க ஆள் பலம் இருக்கா? ஏணி தூக்கின பய நான். மைக்கைக் குடுத்தாங்க, பொழைச்சேன். அதைப் புடுங்கிட்டா, நாளைக்குத் தெருவுல போனா எவன் திரும்பிப் பார்ப்பான்?

மனைவி: நான் பார்ப்பேன்.

உறுப்பினர்: நீ சும்மா...

மனைவி: சும்மா இருக்க மாட்டேன். சபையில ஒரு வார்த்தை பேசாம அஞ்சு வருஷம் தூங்கிட்டு வந்தவங்க எத்தனை பேரு? அவங்கெல்லாம் உயிரோடதான் இருக்காங்க.

உறுப்பினர்: விளையாடாத. எதிர்க்கட்சிக்காரன் காதுல இது விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா? நாளைக்கே மேடை போட்டு, என்னை மாதிரியே கரகரன்னு பேசிக் காட்டி...

மனைவி: ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க. பேசிக் காட்டி?

டாக்டர்: விடுங்கம்மா. சார், நீங்க இப்பச் சொன்னீங்களே, தேர்தல் முடியட்டும்னு... அதே வார்த்தையைச் சொன்ன ஒருத்தரை எனக்குத் தெரியும்.

உறுப்பினர்: உங்ககிட்ட வந்தவரா? அரசியல்வாதியா?

டாக்டர்: அரசியல்வாதிதான். அவருக்கும் இதே இடத்துலதான் கட்டி. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. வெந்நீர் பிளாஸ்க்கை மட்டும் கையிலயே வெச்சிட்டுத் திரிஞ்சார். தேர்தல் முடியட்டும், தேர்தல் முடியட்டும்னு தள்ளிப் போட்டார்.

உறுப்பினர்: ஜெயிச்சாரா?

டாக்டர்: தோத்துட்டார்.

உறுப்பினர்: அப்புறம்?

டாக்டர்: அப்புறம் என்ன... தேர்தல் முடிஞ்சுது.

உறுப்பினர்: யாரு அவர்? எந்தத் தொகுதி?

மனைவி: இன்னுமா புரியல? வக்கீல்ங்க.

உறுப்பினர்: வக்கீலா? அவர் மாரடைப்புல போனதா இல்ல சொன்னாங்க... டாக்டரம்மா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர்: மாரடைப்புங்கறது ஊருக்குச் சொன்னது. நான் அவர் பொண்ணு.

மனைவி: தண்ணி குடிங்க. மெதுவா.

உறுப்பினர்: உனக்கு... உனக்கு முன்னாடியே தெரியுமா?

மனைவி: தெரியும்.

உறுப்பினர்: தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா? ஊர்ல வேற டாக்டரே இல்லையா? என் கழுத்தை அவர் பொண்ணு கையில குடுக்கவா?

மனைவி: வக்கீல் தவறி, அவரைத் தூக்கின அன்னைக்கு நீங்க சபையில கன்னிப்பேச்சு பேசிட்டிருந்தீங்க. நான் போனேன். உங்ககிட்டச் சொல்லல. வாசல்ல நின்னவங்க எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. உள்ள வாங்கன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது இந்தப் பொண்ணு. பள்ளிக்கூடச் சட்டையோட இருந்துச்சு. என் கழுத்தையும் உங்க கழுத்தையும் நம்பிக் குடுக்க, எனக்கு வேற கை தெரியல.

உறுப்பினர்: எனக்கு அப்பத் தெரியாதும்மா. சத்தியமா... சளின்னுதான்...

டாக்டர்: எங்களுக்கே அப்பத் தெரியாது சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?

உறுப்பினர்: இருந்தாலும் நான் அப்படிப் பேசினது... கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் உங்க முன்னாலயே உட்கார்ந்து...

டாக்டர்: நாங்க எங்க தெருவுல இருந்தே கேட்டிருக்கோம். உங்க ஜீப் எங்க வீட்டு முன்னால நின்னு, அதையே பேசிட்டுப் போகும். அப்பா ஜன்னலைச் சாத்த விட மாட்டார். "நல்லா பண்றான்டா"ன்னு சொல்லிச் சிரிப்பார். நான் அழுவேன்.

உறுப்பினர்: இப்ப நீங்க வெளிய போய் ஒரு வார்த்தை சொன்னா என் கதை முடிஞ்சுது. இல்லையா?

டாக்டர்: சொல்ல மாட்டேன். இந்த ரூமுக்கு வந்தவங்களைப் பத்தி வெளிய பேசுற வழக்கம் எனக்கு இல்ல. நீங்க நாளைக்கு மாலை மரியாதையோட போய் மனுத் தாக்கல் பண்ணலாம். யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுல எங்களுக்கே தெரியாத மாதிரி.

மனைவி: திரும்பவும் போன். மாவட்டம்தான்... என்னங்க? கட் பண்ணவா?

உறுப்பினர்: குடு.

மனைவி: என்ன சொல்லப் போறீங்க?

உறுப்பினர்: குடுன்னா குடு... ஹலோ. ஆமா, நான்தான். நான்தான்யா, குரல் அப்படித்தான் இருக்கு... கண்ணு நல்லாத்தான் இருக்கு. கேளு. நாளைக்கு நான் வரல... இல்ல, நேரம் மாத்தச் சொல்லல. நான் நிக்கல. தலைமைகிட்டச் சொல்லி வேற ஆளைப் பார்க்கச் சொல்லு... யாரும் மிரட்டல. யாரும் விலை பேசல. வாயைக் கழுவு... காரணமா? தொண்டையில புத்துநோய்... அழாதய்யா. நீ ஒருத்தன். இல்ல, மறைக்க வேண்டாம். எல்லார்கிட்டயும் சொல்லு. மைக் போட்டே சொல்லு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்... வெக்கிறேன்.

மனைவி: என்னங்க...

உறுப்பினர்: நீ ஏன் அழுவுற? இவ்வளவு நாளா நீ கேட்ட அமைதி இனிமே ஆயுசுக்கும் கிடைக்கப் போகுது.

மனைவி: பேசுங்க. கத்துங்க. இந்த வாரம் பூரா என்னைத் திட்டிக்கிட்டே இருங்க. நான் எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உறுப்பினர்: பொய். உன்னால முடியாது... டாக்டரம்மா, எப்ப வரணும்?

டாக்டர்: நாளைக்குக் காலையில வாங்க. சாப்பிடாம வாங்க. முன்வாசல் வழியாவே வாங்க.

உறுப்பினர்: வர்றேன். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?

டாக்டர்: கேளுங்க.

உறுப்பினர்: தொண்டையை எப்படி இறுக்குவேன்னு பார்க்க ஒரு தடவை பேசச் சொன்னீங்க, சரி. ரெண்டாவது தடவை எதுக்கு? என் வாயாலயே என்னை அசிங்கப்படுத்தவா?

டாக்டர்: இல்ல சார்... கடைசியில அப்பாவுக்குக் குரல் மொத்தமா போயிடுச்சு. சிலேட்டுல எழுதித்தான் காட்டுவார். அவர் பேசினதை யாருமே பதிவு பண்ணி வைக்கல. அவர் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு. இத்தனை வருஷம் கழிச்சு, இன்னைக்குத்தான் கேட்டேன்.