‘இன்மை’ அறிக்கையைத் திருத்தி எழுதிய ஜெபஷீலா அம்மையாருக்கு

அல்லிநகரத்துக் கடைவீதியில் பிறந்து, அலுவலகக் கோப்புகளோடு வளர்ந்து, அடுக்கிய சான்றிதழ்களில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் அடுத்த அறையிலிருந்தே அறிந்துவிடும் அம்மையாரே! கண்டிப்பும் கனிவும் கலந்த கண்காணிப்பாளரே! எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவை முப்பத்திரண்டு ஆண்டுகள் உள்ளங்கையில் வைத்துக் காத்த ஜெபஷீலா அம்மா அவர்களே! உங்களுக்கு எங்கள் உளமார்ந்த வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் பண்புகளை வரிசையாக அடுக்குவது வழக்கம். நாங்களும் ‘பொறுமையின் சிகரமே!’ என்றுதான் எழுதத் தொடங்கினோம். உடனே உதவியாளர் மொக்கைச்சாமி சிரித்துவிட்டார். நகலில் கையொப்பம் விடுபட்டதற்காக அவர் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போன வாரம்தான். ஆகவே பொறுமையை அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, நாம் எல்லாரும் சேர்ந்து செய்த ஒரு தவற்றையும், நீங்கள் ஒருவராக நின்று அதைத் திருத்தியதையும் இங்கே எழுதுகிறோம்.

அரசின் கல்வி உதவித்தொகை முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே என்று இருந்த காலம் அது. பகலில் உழைத்து மாலையில் படிக்கும் பகுதிநேர மாணவர்களும், தொழிற்பயிற்சிப் பிரிவினரும் நம் ஜன்னலுக்கு வந்து கேட்பார்கள். விதியைச் சொல்லி, விண்ணப்பத்தை வாங்காமலே திருப்பி அனுப்புவோம். கிடைக்காத ஒன்றுக்காகச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று அவர்கள் ஏன் அலைய வேண்டும்? அதை ஓர் இரக்கமாகவே நாம் நினைத்திருந்தோம்.

ஆனால் உதவித்தொகை தரும் அரசுத் துறையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கடிதம் வரும்: உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்த பகுதிநேர, தொழிற்பிரிவு மாணவர்கள் எத்தனை பேர்? வாங்கினால்தானே எண்ண முடியும்! ‘இன்மை’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி, உங்கள் கையொப்பத்தோடு அனுப்பி வைப்போம். கேட்பார் யாருமில்லை என்று துறையும் கோப்பை மூடிவிடும். பதினோர் ஆண்டுகள் இப்படியே போயின.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் ஓடைப்பட்டியிலிருந்து மகாலட்சுமி வந்தார். காலையில் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலை, மாலையில் இங்கே நான்காண்டுப் பகுதிநேர மின்னியல் பட்டயப் படிப்பில் முதலாண்டு. தோட்டத்து மோட்டார் நின்ற நாளெல்லாம் எலக்ட்ரீசியனுக்காகக் காத்துக்கிடந்து அலுத்து, அந்த வேலையைத் தானே கற்க வந்தவர். வழக்கம்போல் நீங்கள் விதியைச் சொன்னீர்கள். அவர் நகரவில்லை.

“கெடைக்காட்டிப் போகுது மேடம். மகாலட்சுமின்னு ஒருத்தி வந்து கேட்டான்னாச்சும் ஒரு எடத்துல எழுதி வையிங்க. நாளைக்கு மேல உள்ளவுக கேட்டாகன்னா காட்டலாம்ல?”

 அவர் போனதும் நீங்கள் பழைய இன்மை அறிக்கைகளை எடுத்து வரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினீர்கள். பதினொன்றிலும் உங்கள் கையொப்பம். மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் வரியில் மகாலட்சுமியின் பெயரை எழுதினீர்கள். இனி யார் வந்தாலும் விண்ணப்பத்தை வாங்க வேண்டும், எண் போட்டு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும், மறுப்பையும் எழுத்தில்தான் தர வேண்டும் என்றீர்கள்.

நாங்கள் முணுமுணுத்தோம் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம். “குடுக்கப் போறதில்ல, பெறகு எதுக்கு மேடம் வாங்கி வைக்கணும்? நமக்குத்தான் ரெட்டை வேலை” என்று மொக்கைச்சாமி வாய்விட்டே கேட்டார். “குடுக்குறது அவுக வேலை. வந்தவுக கேட்டாகன்னு சொல்றது நம்ம வேலை” என்றீர்கள். 

அந்த ஆண்டு நூற்று நாற்பத்து மூன்று பெயர்களைத் துறைக்கு அனுப்பினீர்கள். அத்தோடு விட்டிருந்தால் நீங்கள் கெட்டிக்காரர் மட்டுமே. ‘கடந்த பதினோர் ஆண்டு அறிக்கைகள் பிழையானவை; பொறுப்பு என்னுடையது’ என்று தனிக் கடிதமும் எழுதினீர்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதவி உயர்வும் ஓராண்டு தள்ளிப்போனது. வேண்டாமென்று கெஞ்சிய எங்களுக்கு அன்று அது வீம்பாகப் பட்டது. அதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் பட்டியல் ஓயாமல் போனது. போடி, ஆண்டிபட்டிக் கல்லூரிகளும் உங்கள் நோட்டின் மாதிரியை வாங்கிப் போயின. பிறகு ஆணை வந்தது: பகுதிநேர, தொழிற்பிரிவு மாணவர்களுக்கும் உதவித்தொகை உண்டு! அலுவலகமே ஆர்ப்பரித்தது. நீங்கள் மட்டும் நோட்டின் முதல் வரியைப் பார்த்தபடி இருந்தீர்கள். கட்டணம் கட்ட முடியாமல் மகாலட்சுமி இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டிருந்தார். மறுசேர்க்கைக்கோ பன்னிரண்டு நாள்களே இருந்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நீங்கள் சின்னமனூர் பஸ் ஏறினீர்கள். ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து நடந்து அவரைக் கண்டுபிடித்து, விண்ணப்பத்தையும் நோட்டையும் நீட்டினீர்கள். அவர் படிவத்தைத் தொடவே இல்லையாம். தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்து, “நெசமாவே எழுதி வச்சிருந்தீகளா மேடம்?” என்று கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் நோட்டைத் திறந்து அந்த வரியை எங்களுக்கும் காட்டினீர்கள்.

அம்மா! ஓய்வு உங்களுக்கு ஓங்கிய நலத்தையும் ஓயாத மகிழ்வையும் தரட்டும்! மூட்டுவலி விலகட்டும், பேரப்பிள்ளைகளின் ஆரவாரம் பெருகட்டும், நூறாண்டு நீங்கள் நிறைவாக வாழ இறைவன் அருளட்டும்! நோட்டை நினைவுப்பரிசாகக் கேட்டீர்கள். மன்னியுங்கள், தர மாட்டோம். அது ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. அன்று மீண்டும் சேர்ந்த மகாலட்சுமி இப்போது நான்காம் ஆண்டு. இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆறு மணிக்கு மணி அடித்ததும், விழா பாதியில் இருந்தாலும் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவார், ஏனென்றால் வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகை நின்றுவிடும். யாரும் தவறாக எண்ண வேண்டாம். அவர் எழும்போது முதலில் கைதட்டப் போவது நீங்கள்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

கேட்டு வரும் எவரையும் இனி எழுதாமல் அனுப்ப மாட்டோம் என்ற உறுதியுடன்,
உங்கள் உதவித்தொகைப் பிரிவுப் பணியாளர்கள்,
தேனி.