அட்டையில் ஒரே ஒரு பேர்

— டியூபை இன்னும் கொஞ்சம் ஞானஸ்நானத் தொட்டிக்குள்ள விடும்மா, பாதி தண்ணி தரையிலதான் போகுது. கீழ அச்சகத்துக்காரர் காகிதம் நனையுதுன்னு ஏறி வந்துருவார். நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

— மோட்டார் சத்தத்துல ஒண்ணும் விழலப்பா. என்ன கேட்டீங்க?

— இந்த அட்டையை எழுதினது யாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டேன்.

— எந்த அட்டை, காட்டுங்க. இது வாலிபர் கூட்டத்து ஜெப அட்டையாச்சே. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?

— எப்படி வரும்? போன மாசம் எல்லா அட்டையையும் பையில போட்டுக் குலுக்கினப்ப, எல்லாரையும் மாதிரி நானும் கைய விட்டேன். எனக்கு வந்தது இதுதான். படி.

— 'பாஸ்டர் பொண்ணு.'

— சத்தமா படி.

— சத்தமாத்தான்பா படிச்சேன்.

— ஆண்டவரை இன்னும் அறியாத மூணு பேரை எழுதுங்கன்னு சொன்னேன். பெரியப்பாவை எழுதலாம், டியூஷன் வாத்தியாரை எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரனை எழுதலாம். மூணு கோடு போட்டு அச்சடிச்சே கொடுத்தோம். ரெண்டு கோட்டைச் சும்மா விட்டுட்டு ஒரே ஒரு பேர். அதுவும் யார் பேர்? என் வீட்டுப் பிள்ளை பேர்.

— பேர்கூட இல்ல, பாஸ்டர் பொண்ணுன்னுதானே இருக்கு.

— இந்தச் சபைக்கு எத்தனை பாஸ்டர்? அந்த பாஸ்டருக்கு எத்தனை பொண்ணு? பன்னெண்டு வயசுலேர்ந்து கீபோர்டு வாசிக்கிற பிள்ளை, பைபிள்ல எந்த அதிகாரம் கேட்டாலும் மூச்சு விடாம ஒப்பிக்கிற பிள்ளை, அவளுக்கு இரட்சிப்பு இல்லையாம். கேட்டா சிரிப்புத்தான் வருது.

— நீங்க சிரிக்கலையே.

— தொட்டி எவ்வளவு ரொம்பிச்சு பாரு.

— முழங்கால் அளவு. ஏன்பா, யார் எழுதினதுன்னு துருவக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே? 'எடுத்த அட்டையில யார் பேர் இருக்கோ அவங்களுக்காக முப்பது நாள் ஜெபம் பண்ணணும், அவ்வளவுதான் உங்க வேலை.' பலகையில என்னை விட்டே எழுத வெச்சீங்க.

— சட்டம் பிள்ளைங்களுக்கு. நான் மேய்ப்பன். முதலாவது, மந்தையில ஒருத்தர் மனசுல கசப்பு இருந்தா அதைக் கண்டுபிடிக்கிறது என் பொறுப்பு. ரெண்டாவது, கசப்பை அப்படியே விட்டா அது வேர் விடும். மூணாவது...

— பிரசங்கம் நாளைக்குப்பா.

— சரி. கண்டுபிடிச்சுட்டேன். முடிஞ்சுது.

— என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க?

— விடுமுறை வகுப்புக்கு எல்லாரும் எழுதிக் கொடுத்த படிவத்தைப் பரண்லேர்ந்து இறக்கி, ஒவ்வொண்ணா பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஒத்து வரல. கோழி கிண்டின மாதிரி எழுத்து இது. அப்புறம் நேத்து ஒவ்வொருத்தரா ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டேன். ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மைக்கை உடைச்சது தான்தான்னு ஒத்துக்கிட்டான். நான் அதைக் கேக்கவே இல்ல. கடைசியா உன் சிநேகிதி வந்தா, அந்தச் சுருட்டை முடிக்காரி. அவதான்.

— சுருட்டையா? அவ என்ன சொன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க.

— 'நான்தான் பாஸ்டர், மன்னிச்சிருங்க.' அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. ஏன் எழுதினேன்னு கேட்டேன், தரையையே பாத்துட்டு நின்னா. யார் கூட்டிட்டு வந்த பிள்ளை அது? ஒரே பெஞ்சுல உக்காந்து, சாப்பாட்டு நேரத்துல எல்லாம் அவளுக்குச் சுவிசேஷம் சொன்னது நீ. ஏறி வந்த ஏணியையே எட்டி உதைக்கிறா.

— நீங்க அவளை என்ன சொன்னீங்க?

— சத்தமெல்லாம் போடல. பெருமை இருக்கிற இடத்துல ஞானஸ்நானம் கொடுக்க முடியாதும்மா, அடுத்த தடவை பாக்கலாம், நாளைக்கு நீ வெள்ளை உடுப்பு கொண்டு வர வேண்டாம்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

— அவங்க அம்மா நாளைக்கு வர்றாங்கப்பா. தையல் கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாத்தியிருக்காங்க. ஆறு மாசமா வீட்டுல ஒரே ரகளை. போன வாரம்தான் 'சரி, நானே வந்து பாக்கிறேன்'னு இறங்கி வந்தாங்க. அந்த வெள்ளை உடுப்பை அவங்கதான் உக்காந்து தைச்சாங்க.

— எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா அவளே ஒத்துக்கிட்டாளே. அதுக்கப்புறம் நான் என்ன செய்ய?

— மோட்டாரை நிறுத்துங்க.

— இன்னும் பாதிகூட ரொம்பலையே.

— நிறுத்துங்கப்பா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— நிறுத்தியாச்சு. கேளு.

— நான் ஆண்டவரை எப்ப ஏத்துக்கிட்டேன்?

— இது என்ன கேள்வி? ஆறு வயசுல. பழைய வீட்டுச் சமையல் மேடை மேல உக்காந்து காலை ஆட்டிட்டிருந்தே. சிவப்பு கவுன். 'ஆண்டவர் என் மனசுக்குள்ள வருவாராப்பா'ன்னு நீயாத்தான் கேட்டே. நான் ஒரு வரி சொன்னேன், நீ ஒரு வரி சொன்னே. எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன் இதை.

— நீங்க சொல்லித்தான்பா எனக்கே தெரியும். எனக்கு ஞாபகம் இருக்கிறது ஐஸ்கிரீம் மட்டும்தான். ஜெபம் முடிஞ்சதும் வாங்கிக் கொடுத்தீங்க.

— வாங்கிக் கொடுத்தேனா?

— ரெண்டு. அம்மாகிட்ட சொல்லிராதேன்னீங்க.

— ஞாபகம் இல்லைன்னா நடக்கலைன்னு ஆயிருமா? நீ பிறந்தது உனக்கு ஞாபகம் இருக்கா? பிறந்துதானே இருக்கே?

— இதைத்தான் நானும் எனக்கே சொல்லிப் பாத்தேன். உங்க பதில் அத்தனையும் எனக்கு மனப்பாடம்பா. அதான் குழப்பமே.

— அப்படி என்ன குழப்பம்? சொல்லு பாப்போம்.

— சுருட்டைகிட்ட நான் சொன்னது பூரா உங்க வார்த்தை. அஞ்சு விரலை ஒவ்வொண்ணா மடக்கிச் சொல்லுவீங்களே, அதேதான். நாலாவது விரலுக்கு வரும்போது அவ அழ ஆரம்பிச்சுட்டா. எனக்கு அஞ்சாவது விரல் மறந்தே போச்சு. அவளுக்குள்ள என்னவோ நடக்குது, கண்ணால பாக்கிறேன், ஆனா என்னன்னு எனக்குத் தெரியல. தபால்காரர் மாதிரி நின்னேன்பா. கடுதாசியைக் கொண்டு போய்க் கொடுத்தது நான், பிரிச்சுப் படிச்சது அவ.

— நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கே. பரீட்சை ஒரு பக்கம், பாட்டுப் பயிற்சி ஒரு பக்கம்.

— களைப்பு இல்ல.

— சந்தேகம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா.

— சந்தேகம்னா, இருக்கிற நம்பிக்கை ஆடணும். எனக்கு இருந்துச்சான்னே தெரியல. கண்ணை மூடினா உங்க குரல்தான் கேக்குது. அதுல எது நீங்க, எது ஆண்டவர்னு பிரிச்சுப் பாக்க எனக்கு வரல. சில நாள் கீபோர்டு வாசிக்கும்போது நெஞ்சு அப்படியே ரொம்பி வரும். அது அவரா, இல்ல அந்த மெட்டே அப்படியா? இல்லைன்னு சொல்லவும் பயமா இருக்கு, ஆமான்னு சொல்லவும் வாய் வரல.

— இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?

— மத்த பிள்ளைங்களுக்கு இப்படி வந்தா பாஸ்டர்கிட்ட போவாங்க. நான் பாஸ்டர்கிட்ட போனா அவர் சாப்பிடாம உக்காந்திருவார்.

— அதுக்காக அந்தப் பொண்ணு உன் பேரை எழுதலாமா? இதையெல்லாம் அவகிட்ட சொல்லி வெச்சியா நீ?

— ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அன்னிக்கு என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. நான் பேனாவை இடது கைக்கு மாத்தினதைப் பாத்துட்டா.

— என்னம்மா சொல்றே?

— அந்தக் கோழி கிண்டினது நான்தான்பா. வலது கையில எழுதியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிரும். சபைப் பலகை பூரா என் கையெழுத்துதானே.

— நீயா? உன் பேரை நீயே எழுதினியா?

— எனக்காக யாராவது ஜெபம் பண்ண மாட்டாங்களான்னு இருந்துச்சு. நான் போய்க் கேக்காம, அவங்களும் என்னைப் பாத்து முகத்தை ஒரு மாதிரி வெச்சுக்காம. வேற வழி தெரியல.

— அப்ப அந்தப் பிள்ளை எதுக்குத் தன் தலையில போட்டுக்கிட்டா?

— நீங்க கேட்ட வேகத்துல அடுத்து நான்தான் மாட்டுவேன்னு நினைச்சிருப்பா. ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்தவ. எனக்காக ஞானஸ்நானத்தையே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா. பதினேழு வருஷமா உள்ளயே இருக்கிற நான் இங்க டியூபைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்.

— அவளைப் போய்ப் பெருமைக்காரின்னு சொல்லிட்டேனே. போனை எடு, நான் பேசறேன். வேண்டாம், போன்ல பேசற விஷயம் இல்ல இது. நேர்லயே போறேன். அவங்க அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்.

— நானும் வர்றேன். நாளைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன்பா, ஆனா ஆண்டவர் எனக்குள்ள வந்தாருன்னு எல்லார் முன்னாடியும் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லாதீங்க.

— சொல்லல.

— கோபமா?

— கோபம் இல்லம்மா. என்னன்னு எனக்கே தெரியல. செருப்பை மாட்டு, போலாம்.

— ஒரு நிமிஷம்பா. இத்தனை நாளும் என் அட்டை யார் கையில இருக்கோன்னு ஒவ்வொருத்தர் முகமா பாத்துட்டிருந்தேன். உங்ககிட்ட வந்திருக்கும்னு தோணவே இல்ல. இப்ப நீங்க எடுத்துக் காட்டினதும் பயம்தான் வந்துச்சு, ஆனா கூடவே சந்தோஷமாவும் இருந்துச்சு. எனக்காக முப்பது நாளும் என்னன்னு ஜெபம் பண்ணீங்கப்பா?

— கிளம்பு, நேரமாச்சு.

— சொல்லுங்கப்பா.

— எழுதினது யாருன்னு எனக்குக் காட்டித் தாரும் ஆண்டவரேன்னு கேட்டேம்மா. முப்பது நாளும் அது மட்டும்தான்.