பயணம் போகிறவரிடம் குறை சொல்வதில்லை

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது செருப்புகளைத்தான். முகத்தில் ஆட்கள் எதையும் மறைத்துவிடலாம், செருப்பில் முடியாது. உங்களுடையது இரண்டு குதியிலும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறது. நல்ல நடை. விசாரணைக்காகக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்த களைப்புக்கூடத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் கால் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் செய்தது விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குக் கீழே கால் போனவர் செயற்கைக் காலைப் போட்டு நிற்கும்போது, வெட்டுப்பட்ட நுனியில்தான் உடல் பாரம் இறங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நுனி பாரம் தாங்காது. முழங்கால் சில்லுக்குக் கீழே தடித்த தசைநார் ஒன்று இருக்கிறது. விரலால் அழுத்திப் பாருங்கள், வலிக்காது. பாரம் அங்கேதான் உட்கார வேண்டும். அதற்கு வெளிப்பக்கமாக, சற்றுத் தள்ளி, கோலிக்குண்டு போல ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் தோலைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே எதுவும் அழுத்தக் கூடாது. எங்கள் தொழில் முழுவதும் இவ்வளவுதான். தாங்குகிற இடத்தில் பாரத்தை வைக்க வேண்டும், தாங்காத இடத்தை விட்டுவிட வேண்டும்.

அதைச் செய்யும் வழி அழகானது. எஞ்சிய காலைச் சுற்றி ஈரப் பிளாஸ்டர்த் துணியால் அச்செடுப்போம். அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி இறுகவிட்டால் அந்தக் காலே வெள்ளைக் கல்லாகக் கிடைக்கும். தாங்குகிற இடத்தில் கல்லைச் சுரண்டுவோம். தாங்காத இடத்தில் பிளாஸ்டரை அப்பி மேடாக்குவோம். பிறகு சூடான பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்தினால், கால் உட்காரும் கிண்ணம் கிடைக்கும். கல்லில் மேடாக இருந்த இடம் கிண்ணத்தில் குழியாகும். எலும்பு அந்தக் குழிக்குள் எதிலும் உரசாமல் இருக்கும். மேசையில் நீங்கள் வைத்திருப்பது அப்படி ஒரு கல்தான். ராக்காயி அம்மாவுடையது.

நான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வருட ஒப்பந்தத்தில் கிளிநொச்சிக்கு வந்தவன். இந்த நிலையத்தில் கால்கள் செய்ய வேண்டும். போவதற்கு முன் இங்குள்ள ஒருவரைப் பழக்கிவிட வேண்டும். எனக்குக் கிடைத்த சுதாகரன் கெட்டிக்காரன். அதுதான் சிக்கலாகிவிட்டது. சில வாரங்கள் மீதியிருக்கும்போது பொறுப்பாளர் யோகநாதன் என்னைக் கூப்பிட்டார். "இனிச் சுதாகரன் தனியப் பாப்பான். நீங்கள் சந்தோசமா ஊருக்குப் போயிட்டு வாங்கோ" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

ஊரில் எனக்குப் பழைய தொழிற்சாலை வேலை காத்திருந்தது. அங்கே கணுக்கால் மூட்டுகளை வெட்டிப் பெட்டியில் அடுக்குவேன். அவற்றைப் போட்டு நடப்பவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே சந்தைக்குப் போனால் நான் செய்த கால்கள் எதிரே வரும். சைக்கிள் மிதிக்கும், வயல் வரம்பில் நடக்கும், நின்று "தம்பி, ரீ குடிச்சிட்டுப் போங்கோ" என்று மறிக்கும்.

கடைசி வாரங்களில் ஆட்கள் பனங்கட்டி, காயவைத்த பனங்கிழங்கான ஒடியல் என்று கொண்டுவந்து தந்தார்கள். ஒவ்வொரு பொதியும் என்னை வாசலுக்குத் தள்ளுவது போலிருந்தது. விசா முடியும் தேதி, விமானச் சீட்டு, எனக்குப் பதிலாள், எல்லாவற்றையும் யார் யாரோ தீர்மானித்துவிட்டார்கள். என் கையில் எதுவும் இல்லை. அரம் மட்டும் இருந்தது.

ராக்காயி அம்மா அக்கராயனில் வயல் செய்கிறார். சிறு வயதில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். போர் முடிந்து காணி துப்புரவாக்கும்போது மிதிவெடியில் கால் போயிற்று. என் அம்மாவும் அதே மலைப்பக்கம் பிறந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னைச் சொந்தக்காரனாக்கிவிட்டார். பழைய கிண்ணம் தளர்ந்துபோய்ப் புதிதுக்கு வந்திருந்தார். சுதாகரன் தனியாகச் செய்யும் முதல் கால் அது.

அவன் அச்செடுத்தான், கல்லைச் செதுக்கினான், அந்த எலும்பின்மேல் மேடும் வைத்தான். குறை சொல்ல முடியாத மேடு. அவன் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது அதை நான் அரத்தால் எடுத்துவிட்டேன். தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்கிறது, அங்கே மட்டும் வரிவரியாக நெருடும். அவன் திரும்பி வந்தபோது, "பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது, போர்த்து" என்றேன். என் சொல்லை அவன் சந்தேகிப்பதில்லை. போட்டுப் பார்த்த அன்று ராக்காயி அம்மா நன்றாக நடந்தார். முதல் நாள் எல்லோரும் நன்றாகவே நடப்பார்கள்.

என் எண்ணம் எளிமையானது. சில நாளில் தோல் சிவக்கும். அவர் நிலையத்துக்கு வந்து முறையிடுவார். நான் கிண்ணத்தில் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடுவேன், ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. சுதாகரன் இன்னும் பழக வேண்டும் என்று யோகநாதனுக்குப் புரியும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ராக்காயி அம்மா பொருத்தமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருக்குச் சர்க்கரை நோய், இங்கே சொல்வதுபோல் சீனி வருத்தம். அந்த நோயுள்ளவர்களுடைய தோல் சீக்கிரம் கன்றிவிடும்.

அவர்களுக்கு வலி சரியாகத் தெரியாது, புண் வந்தால் ஆறாது என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் முறையிட வரவில்லை. பயணம் சொல்லும் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்.

அக்கராயன் வீட்டில், குசினியிலிருந்து ஒவ்வொரு சட்டியாக அவரே தூக்கி வந்தார். அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் உடல் சாய்ந்து நிமிர்ந்தது. ஓர் இடத்தைக் காப்பாற்ற உடல் தானாகச் செய்யும் வேலை அது. எந்த இடம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மகள் பிரேமிளா எனக்குச் சோறு போட்டபடி, "அண்ணா, அம்மா நொண்டுறா. கேட்டா என்னை ஏசுறா" என்றாள்.

"வாய மூடு புள்ள" என்றார் ராக்காயி அம்மா. "பயணம் போற மனுசங்கிட்ட நொட்ட சொல்லுவாங்களா? போற வழியெல்லாம் அது மனசுல கெடந்து அறுக்கும்."

"அப்ப கால் அழுகினாப் பிறகோ சொல்லப் போறியள்?"

"புதுச் செருப்பு கடிக்கிறதில்லியா? இதுவும் அப்பிடித்தான். பழகிரும்னு தம்பியே சொல்லியிருக்கு."

சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் சொல்வது.

"வலிக்கிறதாம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம புள்ளைங்க செஞ்ச காலு வலிக்குமா?" என்று சிரித்தார். "கறி வைக்கவா? ஊருக்குப் போனா இந்தக் கோழி கெடைக்காது."

காலைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் குறை அவர் வாயால் வர வேண்டும், நிலையத்தில், யோகநாதன் முன்னால் வர வேண்டும். வீட்டில் நானே கண்டுபிடித்துச் சரிசெய்தால் அது விருந்தாளி செய்த உதவியாகிவிடும், வேறெதுவும் மாறாது. அவராகச் சொல்லாதபோது நான் என்ன செய்ய முடியும்? மறுசோறு வாங்கிக்கொண்டேன். வாசல் படலையில் நின்று அவர் கையசைத்தபோது கிண்ணத்தின் விளிம்பில், காலுக்கு உள்ளே போடும் உறைத்துணி ஈரமாக, மஞ்சளாகத் தெரிந்தது. குழம்பு சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. பிரேமிளா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புண் எலும்புவரை போய்விட்டிருந்தது. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

சுதாகரன் என்னிடம் வந்து அழுதான். "நான் மேடு வச்சனான் அண்ணை. வச்சதாத்தான் நினைக்கிறன். இல்லாட்டி மறந்திட்டனோ?" நான் அவன் தோளில் கைவைத்து, பழகும்போது யாருக்கும் நடக்கும் என்றேன். அவனை நிறுத்திவிட்டார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

கிண்ணம் ஆறியதும் கல்லை உடைத்தெடுப்பதுதான் வழக்கம். தன் முதல் கால் என்று அவன் அதை உடையாமல் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வேலை போன பிறகு அதை எடுத்துத் தடவியிருக்கிறான். அரம் ஓடிய இடத்தை விரல் கண்டுபிடித்திருக்கிறது. கல் உங்களிடம் வந்துவிட்டது. நல்ல விரல். நான் பழக்கியது.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் மேடு வைத்தான். எடுத்தவன் நான். தெரிந்தே எடுத்தேன், தெரிந்தே சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முழங்காலுக்கு மேலே போனவருக்குக் கால் செய்வது வேறு வித்தை. மூட்டையும் நாமே வைக்க வேண்டும். அது மடங்குகிற நேரமும் மடங்காமல் தாங்குகிற நேரமும் நம் கையில்தான் இருக்கிறது. நேற்று வார்டில் ராக்காயி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள தம்பி, நீங்க போகல" என்றார். அந்தக் காலை முடிக்கும்வரையாவது என்னை இங்கே இருக்க விடுங்கள். இந்த நிலைமையில் அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.