அடுப்படி வல்லரசுகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண்ணும் அவளுடைய அண்ணியும். பரீட்சைக்குப் போகிற பெண், சன்னலோரம் உட்கார்ந்து சர்வதேச உறவுகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காதைப் பொத்திக்கொண்டு பயணம் செய்ய எனக்கு வராது.

“ரெண்டு நாட்டுக்கிட்டயும் அணுகுண்டு இருந்தா சண்டையே வராதாம் அண்ணி. நீ போட்டா நானும் போட்டுடுவேன்னு பயமாம்.”

“இதுக்கு ஒரு புக்கா? ஒங்கம்மாவும் நானும் ஒரே அடுப்படியில அப்படித்தான இருக்கோம்.”

பெண் புத்தகத்தை மடியில் வைத்தாள். “அம்மாகிட்ட என்ன குண்டு இருக்கு?”

“புரட்டாசி மாசம் நான் பண்ருட்டியில பிரியாணி சாப்ட்டது அவுங்களுக்குத் தெரியும்.”

“ஒங்ககிட்ட?”

“சுகரை வெச்சிக்கிட்டு அவுங்க அரிசி டப்பாவுல மைசூர்பாக்கு ஒளிச்சு வெச்சிருக்கிறது எனக்குத் தெரியும். ரெண்டு பேருமே ஒங்கண்ணன்கிட்ட வாயத் தொறக்கறதில்ல. வீடு அமைதியா இருக்குதா, இல்லியா?”

புதுச்சத்திரம் வரை பெண் மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினாள். எனக்குத்தான் அது நீண்ட தூரமாக இருந்தது.

“அண்ணி, இப்ப ரெண்டு குண்டும் என்கிட்டதான் இருக்கு. காலேஜ் டேக்கு ஒங்க பச்சைப் பட்டுப்புடவைய நான் கட்டிக்கட்டா?”

“தாராளமா கட்டிக்க. இன்னிக்கு நீ எழுதப்போறது அரியர் பேப்பர்னு ஒங்கண்ணன்கிட்ட சொல்லிட்டியா?”

பெண் புத்தகத்தை மூடினாள்.

“சன்னல் பக்கம் வாங்க அண்ணி. இங்கதான் நல்லா காத்து வருது.”