மௌனகீர்த்தி முனிவரோட சம்சாரம்

மன்னிப்பா? அத மெதுவாப் பேசிக்கலாம் தம்பி. மொதல்ல இந்த பிளேன்டீயக் குடிங்க. வந்தவாசியிலேருந்து கெளம்பி, கொழும்புக்குப் பறந்து, நானுஓயாவுல ரயில் எறங்கி, இந்த மழையில நனைஞ்சுக்கிட்டு எங்க கடையத் தேடிப் புடிச்சு வந்திருக்கீங்க. எல்லாம் உங்க சாமிக்காக. எனக்கு அவரு சாமி இல்லீங்க, புருஷன். மக பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருக்கயில விட்டுட்டுப் போன புருஷன்.

இப்ப என்ன பேரு சொன்னீங்க? மௌனகீர்த்தி முனிவரா? ஐயோ, சிரிப்பு வருது. இந்த நுவரெலியா மார்க்கெட்டுல அவரு வாயத் தொறந்தா பக்கத்துக் கடைக்காரன் ரேடியோவ நிப்பாட்டிருவான். தமிழ்ல பாதி, சிங்களத்துல பாதின்னு வெல பேசி லொறிக்காரனையே அழ வச்ச மனுஷன். அவருக்கு மௌனம்!

கார்த்திகத் தீபம் பாக்கன்னு திருவண்ணாமலைக்குப் போனாருங்க. போன வழியில உங்க சமண சாமியாரு ஒருத்தரப் பாத்திருக்காரு. திரும்பி வந்த அன்னைக்கு உருளக்கெழங்குக் கறி வச்சிருந்தேன். தட்டத் தள்ளிட்டாரு. மண்ணுக்குள்ள வெளையிறதத் தோண்டுனா எத்தன உசுரு சாகுதுன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்குறாரு. நீங்களே சொல்லுங்க. கடை மரக்கறிக் கடை, ஊரு நுவரெலியா. உருளக்கெழங்கு, கரட், பீட்ரூட், முள்ளங்கி, லீக்ஸ்னு எல்லாம் தோண்டுறதுதானே? அத விட்டா, நீங்க முட்டைகோஸ், பீன்ஸ்ம்பீங்களே, அந்தக் கோவாவும் போஞ்சியும்தான். கோவாவுலயும் புழு இருக்கும்னு எல எலையாப் பிரிச்சு, புழுவ எடுத்துட்டுப் போயி வேலியோரமா விட்டுட்டு வருவாரு. பிரிச்ச கோவாவ எவன் வாங்குவான்?

அட்டக் கதையக் கேளுங்க. வட்டகொடையில எங்கண்ணன் இருக்குற தோட்டத்துக்குப் போயிட்டு வந்தோம். அவரு கால் பூரா அட்டை. நான் உப்ப அள்ளிக்கிட்டு ஓடி வர்றேன், கையப் புடிச்சிட்டாரு. குடிச்சு முடிச்சாத் தானா விழும், விடு பூரணின்னாரு. விருந்தாளிக்குப் பந்தி வச்ச மாதிரி குனிஞ்சு பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நானும் அட்டையாப் பொறந்திருந்தா எம்பக்கத்துலயும் அப்படி உக்காந்திருப்பாரு போல.

அப்புறம் மறுபடியும் இந்தியா போனாரு. அங்கேருந்து ஃபோன். துறவு வாங்கப் போறேன், வீட்டுல சம்மதம் இல்லாம குரு குடுக்க மாட்டாரு, ஒரு வார்த்தை சொல்லுன்னாரு. போய்த் தொலைங்கன்னேன். அதத்தான் சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. என்னா சாஸ்திரமுங்க உங்க சாஸ்திரம்!

துணி விசயத்தச் சொல்லவா வேணாமா? கம்பளிக்கு மேல கம்பளி போத்தி, குரங்குக் குல்லாவும் மாட்டிக்கிட்டுத் தூங்குன மனுஷன். இப்ப ஒட்டுத்துணி கெடையாது. கையில மயில்தோகை, ஒரு கமண்டலம், அவ்வளவுதான். பக்கத்துக் கடை தயானி கேட்டா, ஐயா எங்கேன்னு. இந்தியாவுல பிசினஸ்ன்னேன். என்ன பிசினஸ்ன்னா. துணி பிசினஸ் இல்லன்னு மட்டும் சொன்னேன்.

மழைக்காலத்துல நடந்தாப் பூச்சி மிதிபடும்னு நாலு மாசம் ஒரே ஊர்ல இருப்பாராமே? இங்க எப்பவும் மழைதானே. இங்கேயே இருந்து தொலைச்சிருக்கலாம்.

தெரியுங்க, அதெல்லாம் நீங்க சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஊர் ஊராக் கால்நடையாப் போயி பேசுறாரு. எங்கேயோ திருவிழாவுல ஆடு வெட்டுறத நிப்பாட்டுனாரு. குடிகாரனுங்க அவரு முன்னால வந்து போத்தல வச்சிட்டுப் போறானுங்க. முள்ளு மண்டிக் கெடந்த மலைக்கோயில ஊர்ச் சனத்த வச்சுத் துப்புரவாக்கி அங்க பாடம் நடத்துறாரு. எப்படியா? ஃபோன்ல வருதுல்ல. கடையில ஆளில்லாத நேரம் சும்மா பாக்குறது. ஏன், பாக்கக் கூடாதா? நல்லாத்தான் பேசுறாரு. அதே குரலு. அப்ப கோவா வித்தாரு, இப்ப மோட்சம் விக்கிறாரு.

ஆனா அந்த ஆடுகளுக்கு இருந்த குடுப்பின எம்மக சுதர்ஷினிக்கு இல்ல. அவ கல்யாணத்துக்கு வரச் சொல்லி ஆள் விட்டேன். வண்டி ஏறக் கூடாதாம், கடல எப்படித் தாண்டுறதுன்னு பதில் வந்துச்சு. ஏன், அனுமாரு தாண்டலயா?

டீ ஆறிப் போச்சு பாருங்க. குடிங்க. நீங்க வந்த விசயத்துக்கு வர்றேன். அவருக்குக் கண்ணு மங்கிருச்சு. நடந்தாக் கால்ல எறும்பு மிதிபடுதான்னு தெரியல, கையில வாங்குற சோத்துல பூச்சி கெடந்தாலும் தெரியல. இப்படி மத்த உசுரக் கொன்னுக்கிட்டு வாழுறதுக்குப் பதிலா, கொஞ்சங்கொஞ்சமாச் சாப்பாட்டக் கொறச்சு ஒடம்ப விட்டுர்றேங்கிறாரு. குருவும் சரின்னுட்டாரு. ஆனா அதுக்கு முன்னால, தன்னால மனசு நொந்தவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு வாங்கிரணும். சுதர்ஷினிகூட ஃபோன்லயே சொல்லிட்டாளாம், அழுதுக்கிட்டே. பாக்கி நான் ஒருத்திதான். நான் சொல்லிட்டா மறுநாளே ஆரம்பிச்சிருவாரு. சரியாத்தானே வெளங்கிக்கிட்டேன்?

அந்த ஃபோன உள்ள வைங்க தம்பி. ரெக்கார்டெல்லாம் பண்ண வேணாம்.

கோவமா? அட, அது எப்பவோ போச்சுங்க. எந்த வருஷம் போச்சுன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீங்க அங்க போயி, அந்தப் பொம்பள ரொம்ப மோசம், வஞ்சம் வச்சிருக்கா, செத்தாலும் மன்னிக்க மாட்டேங்கிறான்னு சொல்லுங்க. நல்லா அழுத்திச் சொல்லுங்க. அது வரைக்குமாவது மனுஷன் ஒருவேளச் சோறு தின்னுக்கிட்டு இருக்கட்டும்.