விதானைக்கு ரெண்டு நேரமும் ஊசி

...படிச்ச டொக்டர் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ பிள்ளை, எனக்குப் பொல்லாத கோவம் வரும். படிச்சதாம்! தலைமயிருக்கு என்னத்தையோ பூசிக் குத்திட விட்டிருக்கிற வடிவைப் பாத்தா படிச்ச ஆள் மாதிரியோ கிடக்கு? கையிலை எந்த நேரமும் ஒரு போன். நான் வருத்தத்தைச் சொல்லச் சொல்ல அவர் போனைத் தடவுறார். இப்ப பாருங்கோ, இந்தப் பனையோலைக் கடகத்துக்கை கிடக்கிற சீவனை... இஞ்சை, துணியை விலத்திறன், எட்டிப் பாருங்கோ. கடிக்காது, உங்கடை ஆட்டுக்குட்டி பயப்பிடத் தேவையில்லை. கடிக்கிற பெலன் இருந்தா நான் ஏன் இஞ்சை வந்து இந்த வாங்கிலை குந்திக்கொண்டிருக்கிறன்? இண்டைக்கு விடியக் குசினி வாசல்லை நாலு காலும் நாலு பக்கம் இழுக்க, வாயாலை வீணி வடிய விழுந்து கிடந்தவன். ஆர் செய்த வேலை? உள்ளுக்கை இருக்கிறவர் செய்த வேலை. ஊசி மருந்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினன். விழுந்திட்டான். இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?

ஓம், பூனைக்குத்தான் ஊசி. இன்சுலின். சிரிக்கிறதெண்டா சிரிச்சு முடியுங்கோ, எனக்குப் பழகிப்போச்சு. எங்கடை உருத்திரபுரத்திலை சிரிக்காத சனமில்லை. பக்கத்து வளவு சிவலட்சுமி வேலிக்கு மேலாலை தலையை நீட்டிக் கேக்கிறா, "அக்கா, பூனைக்குச் சீனி வருத்தம் வருமெண்டா என்ரை கோழிக்குப் பிறசர் வராதோ?" எண்டு. அவவின்ரை கோழிக்கு முட்டையை எங்கை இடுறதெண்டே தெரியாது, என்ரை கிணத்துக் கட்டிலை வந்து இடுது. அதுக்குப் பிறசர் வேறை! வளக்கிற ஆளைப் போலைதானே கோழியும் வரும்.

பேரோ? விதானை. ஏன் பிள்ளை, விதானை எண்டு பூனைக்குப் பேர் வைக்கக் கூடாதோ? ஊர்ப் பதிவு பாக்கிற விதானையார் மாதிரி விடிய வெளிக்கிட்டு வீடு வீடாப் போய், ஆர் வீட்டிலை என்ன அடுப்பிலை கிடக்கு, ஆர் வீட்டிலை ஆர் வந்து நிக்கினம் எண்டெல்லாம் பாத்திட்டுப் பின்னேரம் வந்து காலை நீட்டிப் படுக்கிறவனுக்கு வேறை என்ன பேர் வைக்கிறது? உள்ளுக்கை துண்டு எழுதிற பெட்டையும் இப்பிடித்தான் வாயைப் பொத்திக்கொண்டு எழுதினவள். அவளும் ஒரு ஆள்!

என்ன சொல்ல வந்தனான்... ஓம், வருத்தம். ஆடி மாசம் போலை இவன் தண்ணி குடி குடியெண்டு குடிச்சான். வாளித் தண்ணி, ஆட்டுக்கு வைச்ச தண்ணி, கால் கழுவிற தண்ணி, ஒண்டும் விடேல்லை. தின்னுறதுக்கும் குறைவில்லை, ஆனா முதுகெலும்பு எண்ணலாம். ஒரு நாள் கோடிப்பக்கத்துச் சாம்பல் மேட்டிலை இருந்திட்டு எழும்பிப் போறான், பிறகாலை போய்ப் பாத்தா அந்த இடம் முழுக்க எறும்பு. எனக்கு உடனை விளங்கிப்போச்சு. எங்கடை ஆளுக்கும் அப்பிடித்தானே கண்டுபிடிச்சது.

எங்கடை ஆள் எண்டது என்ரை மனிசன், பரமலிங்கம். வரேக்கை மோட்டச்சைக்கிள் ஓடின ஆளைக் கண்டனீங்கள்தானே, அவர்தான். இப்ப முன் கடையிலை தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார். வெறும் தேத்தண்ணி எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போறார்! நான் என்ன நேற்றுப் பிறந்தனானோ? அந்தக் கிளாசின்ரை அடியிலை கிண்டினா ரெண்டு விரக்கடைக்குச் சீனி கிடக்கும். அவருக்கும் ரெண்டு நேரம் ஊசி, இவனுக்கும் ரெண்டு நேரம் ஊசி. பிறிட்ஜுக்கை ரெண்டு போத்தில் பக்கத்திலை பக்கத்திலை. ரெண்டு பேருக்கும் குத்திறது நான்தான். இவன் கோப்பையிலை வாயை வைச்சிருக்க, பிடரித் தோலை இழுத்துக் குத்தினா ஏனெண்டும் கேக்க மாட்டான். அந்தாள்தான் ஊர் கேக்கக் கத்திறது. ஆறடி ஆம்பிளை!

அதுவும் பரவாயில்லை பிள்ளை. பொய்! அந்தாள் டொக்டருக்குச் சொல்லுற பொய்! கிளினிக்குக்குப் போறதுக்கு முதல் ரெண்டு நாளும் பாகற்காயும் குரக்கனுமாத் தின்னுவார். ரத்தம் குடுத்தா எல்லாம் வடிவா வரும். அந்த டொக்டரம்மா பாவம், நல்ல மனுசி, "ஐயா, சாப்பாட்டிலை ஏதும் மாறினதோ?" எண்டு கேப்பா. இவர் சாமி மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு, "ஒரு மாற்றமும் இல்லை அம்மா." வெளியிலை வந்து நேரை லட்டுக் கடை. ஏன் பிள்ளை, டொக்டருக்கு ஆரும் பொய் சொல்லுறவையோ? வேறை ஆருக்கும் சொல்லித் துலை. டொக்டருக்குச் சொன்னா உன்ரை உடம்புக்கெல்லோ சொல்லுறாய்! அதிலைதானே கால் புண்பட்டு, மாறாமல் இழுபட்டு, கடைசியிலை ஒரு விரல் போச்சு. வவுனியா ஆசுப்பத்திரியிலை கொண்டுபோய்ப் படுக்க வைச்சிருந்தவை.

அப்ப நான் பகலெல்லாம் அங்கை ஓடிப்போட்டுக் கடைசி பஸ்ஸிலை வந்து இறங்கினா, றோட்டுக் கரையிலை நிப்பான் இவன். படலையடியிலை இல்லை பிள்ளை, றோட்டுக் கரையிலை. பிள்ளையள் ரெண்டும் கலியாணம் கட்டித் தூரத்திலை. அந்த வீட்டிலை என்ரை குரலுக்குத் திரும்பிப் பாத்த ஒரே சீவன் இவன்தான். ஒளிப்பான் என்ன, எனக்கு இவனிலை உயிர். இவன் போனா... சீ, அந்தக் கதை வேண்டாம்.

இந்த டொக்டரின்ரை திறத்தைக் கேளுங்கோ. முதல் வந்த நேரம், "அம்மா, சோறு வேண்டாம், பால் வேண்டாம், மீன்தான் குடுங்கோ" எண்டார். குடுத்தன். சூடை மீன் வாங்கி உப்பில்லாமல் அவிச்சு முள்ளெடுத்துக் குடுத்தன். என்ரை பேரப்பிள்ளையளுக்கும் நான் முள்ளெடுத்துக் குடுக்கேல்லை. அந்தாளின்ரை சீனி பாக்கிற மெசினாலை இவன்ரை காதிலையும் குத்திப் பாத்தா, கிழமைக்குக் கிழமை இறங்குது. "வடிவாக் கொண்டு போறியள் அம்மா, உங்களைப் போலை ஆக்கள் இல்லை" எண்டு இந்த டொக்டரே சொன்னவர். நான் அதைச் சிவலட்சுமிக்கும் சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான்.

பேந்து என்ன நடந்தது? புரட்டாதி கடைசியிலை இருந்து ஏறத் தொடங்கிச்சு. அதே மருந்து, அதே கை, அதே பூனை. ஏறுது! இஞ்சை தூக்கிக்கொண்டு வந்து, "என்ன மருந்து தாறியள்? பச்சைத் தண்ணியோ?" எண்டு கேட்டன். உவர் போனைப் பாத்துப் பாத்து அளவைக் கூட்டினார். பேந்தும் ஏறிச்சு. பேந்தும் கூட்டினார். அதைக் குத்திக்கொண்டு வரத்தான் இண்டைக்கு விடிய இந்தக் கோலம். கூட்டிறதுக்கு ஒரு படிப்போ? அது சிவலட்சுமியின்ரை கோழிக்கும் தெரியும்.

விடியக் காலமை நடந்த கூத்தையும் கேளுங்கோ. நான் ஐயோ எண்டு கத்த, அந்தாள் நொண்டி நொண்டி ஓடி வந்து குனிஞ்சு பாத்திட்டு, "இது எனக்கு வாறதுதானப்பா, சீனி இறங்கிப்போச்சு" எண்டு சொல்லிப்போட்டு, சீனியைத் தண்ணியிலை குழைச்சு இவன்ரை பல் முரசிலை பூசுறார்! சீனி வருத்தப் பூனைக்குச் சீனி! ஆரும் கேட்டாச் சிரிக்க மாட்டினமோ? "கொல்லப் போறியளோ என்ரை பிள்ளையை" எண்டு நான் கையைப் பிடிச்சு இழுக்க இழுக்கப் பூசினார். கொஞ்சத்தாலை இவன் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கினான்தான். அது தற்செயல். அந்தாள் ஏதோ தான்தான் உயிர் குடுத்த மாதிரிச் சேட்டுப் பொக்கற்றைத் தட்டிக் காட்டுறார். அதுக்கை எந்த நேரமும் இனிப்பு ரொபி. தலை சுத்தினா வாயிலை போட வேணுமாம். சாட்டு!

அதோடை விட்டாரோ? ஊசி நேரம் பிந்துது எண்டு நான் பிறிட்ஜைத் திறக்க, விதானையின்ரை போத்திலைத் தூக்கி மடியிலை செருகிக்கொண்டு, "இண்டைக்கு இது குத்தக் கூடாது" எண்டு நிக்கிறார். இப்பவும் அவரின்ரை மடியிலைதான் கிடக்கு. தேத்தண்ணிக் கடையிலை இன்சுலின் போத்திலோடை இருக்கிற ஒரே ஆள் இவராத்தான் இருக்கும். நான் உள்ளுக்கை போய் முதல் வேலையா டொக்டரைக் கொண்டு இண்டையான் ஊசியைப் போடுவிக்கப் போறன். விடிய இருந்து ஊசியில்லாமல் கிடக்கிறான் பிள்ளை!

என்ன? வெளியிலை ஏதும் திண்டிருப்பானோ எண்டோ? நானும் முதல் சிவலட்சுமியைத்தான் நினைச்சனான். ஆனா எப்பிடி? ஒரு மாசமா வீட்டுக்குள்ளைதானே வைச்சிருந்தனான். கதவு யன்னல் எல்லாம் சாத்தி. இப்ப நாலஞ்சு நாளாத்தான் திறந்து விட்டிருக்கிறன், அதுவும் என்ரை கண் முன்னாலை.

ஏன் சாத்தினதெண்டோ? நல்ல கேள்வி! நோன்பு வீடு பிள்ளை. கௌரிக் காப்பு இருபத்தொரு நாள், அது முடிய அடுத்த நாளே கந்தசட்டி. நான் காப்புக்கு நிண்டு கொண்டு விளக்கேத்த, இவன் ஆரின்ரையோ வீட்டு மீன் தலையைக் கொண்டு வந்து சாமி அறைக்கை போட்டானெண்டா? போன வருசம் போட்டவன்! அதுதான் சாத்தினனான். மச்சச் சட்டியெல்லாம் கழுவிக் கவிட்டு அலுமாரிக்கு மேலை ஏத்தியாச்சு.

என்ன குடுத்ததோ? இதென்ன கேள்வி, வீட்டிலை என்ன இருந்ததோ அதுதான். பாலும் சோறும் பிசைஞ்சு, கொஞ்சம் நெய் விட்டு. முதல் ரெண்டு நாள் முகத்தைத் திருப்பினான், பேந்து பசியிலை தின்னத் தொடங்கினான். நல்லாத் திண்டான்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறியள்?

ஓம்... சோறு வேண்டாம், பால் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். எனக்கென்ன மறதியோ? ஆனா அது நோன்புச் சோறெல்லோ. சாமிக்குப் படைச்சிட்டு எடுக்கிற சோறு என்ன கெடுதல் செய்யும்? எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. நோன்பு வீட்டிலை மீன் அவிக்கச் சொல்லுறியளோ? அந்தப் பாவத்தை ஆர் சுமக்கிறது? அந்தாள் அப்பவும் ஒருக்கால், "குசினிக்கு வெளியாலை அடுப்பு மூட்டி நான் அவிச்சுக் குடுக்கிறன்" எண்டவர். ரொபி தின்னுற வாய்க்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும் எண்டு பேசிக் கலைச்சுப்போட்டன்.

டொக்டருக்குச் சொன்னனானோ எண்டோ...

அவர் கேட்டவர். கேக்கேல்லை எண்டு சொல்ல மாட்டன். கூட்டின ரெண்டு தரமும் கேட்டவர். போனைக் கீழை வைச்சிட்டுத்தான் கேட்டவர். "அம்மா, சாப்பாட்டிலை ஏதும் மாறினதோ?" எண்டு. இந்த வாங்கு நிறையச் சனம். "உங்களைப் போலை ஆக்கள் இல்லை" எண்டு சொன்ன வாய். நான் போய் பாலும் சோறும் எண்டு சொல்லுறதோ? சொன்னா நோன்பைக் குழப்பு எண்டெல்லோ சொல்லுவார். அதாலை நான்... "ஒரு மாற்றமும் இல்லை" எண்டு சொன்னனான்.

ஓம். அதே கதைதான். எனக்கும் காது கேக்குது பிள்ளை.

பாரணை முடிஞ்ச அடுத்த நாள் மீன்காரன் வர, பாவம் இவ்வளவு நாளும் வாய் கட்டிக் கிடந்தவன் எண்டு சூடை நிறைய வாங்கினன். அதுக்குப் பிறகு சோத்தை மணந்தும் பாக்கேல்லை. மீன்தான், வெறும் மீன்தான். ஊசி மட்டும் அந்தக் கூட்டின அளவு. சோத்துக்குக் கூட்டின அளவு... மீனுக்குக் குத்தியிருக்கிறன். காலமையும் பின்னேரமும், என்ரை கையாலை. இண்டைக்கும் குத்தியிருப்பன். அந்தாள் போத்திலை எடுத்து ஒளிக்காட்டி, குத்தியிருப்பன்.

விதானை... டேய், இஞ்சை பார். கண்ணை மூடாதை. அம்மா இருக்கிறன்.

உங்களையெல்லோ கூப்பிடினம் பிள்ளை, ஆட்டுக்குட்டியைக் கொண்டு போங்கோ. என்ன? நான் முதல் போறதோ? உங்கடை குட்டிக்கும் வயித்தாலையெல்லோ போகுது... சரி. சரி. நல்லா இருப்பியள். இந்தக் கடகத்தை ஒருக்காத் தூக்கி விடுங்கோ. மெல்ல, மெல்ல.

போய் எல்லாத்தையும் சொல்லப் போறன். பாலும் சோறும் நெய்யும், கதவு சாத்தினது, எல்லாம். அந்த மயிர் குத்திட்ட பெடியன் முகத்துக்கு நேரை சொல்லப் போறன். சிரிச்சாச் சிரிக்கட்டும், பேசினாப் பேசட்டும்.

இந்தாருங்கோ பிள்ளை, ஒரு உதவி. அந்தாள் இப்ப வாயைத் துடைச்சுக்கொண்டு வருவார். வந்து கேட்டா, நான் உள்ளுக்கை டொக்டரைப் பிழை பிடிச்சுக் கிழிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லி விடுங்கோ. பொய்தான். டொக்டருக்குத்தான் பொய் சொல்லக் கூடாது. அந்தாளுக்குச் சொன்னாக் காரியமில்லை.