கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கொடுத்த கை

பேறுகாலத் தாயரின் பெருந்துணையே! அதட்டலுக்குள் அன்பை அடக்கி ஆண்ட அம்மையே! முப்பத்தோராண்டுச் செவிலியப் பணி முடித்து இன்று ஓய்வுபெறும் தலைமைச் செவிலியர் செல்வாம்பாள் அவர்களே! வணக்கம்.

புகழ்ந்தால் தங்களுக்குப் பிடிக்காது. எனவே நடந்ததை மட்டும் அவையோருக்குச் சொல்லிவிடுகிறோம், சற்றே பொறுத்தருளுங்கள்.

அவையோரே! எங்கள் மருத்துவக் கல்லூரியின் மகளிர் மருத்துவப் பிரிவுக்குப் பிரான்சிலே ஒரு தோழமைக் குழு உண்டு. சத்து மாத்திரைகள் அனுப்புவார்கள். கூடவே அந்தக் குழுவின் பெண்மணிகள் குளிர்காலமெல்லாம் உட்கார்ந்து பின்னிய கம்பளிக் குல்லாய்களும் காலுறைகளும் மூட்டை மூட்டையாய்க் கப்பலில் வரும். புதுவை வெயிலில் கம்பளி! அன்பாய் அனுப்புகிறவர்களைக் குறை சொல்லலாமா என்று, எழுத்தர் கிருஷ்ணசாமி பிரெஞ்சில் தேன் சொட்டச் சொட்ட நன்றி எழுதுவார். பிரெஞ்சு படிக்கத் தெரியாத நாங்கள் வரிசையாய்க் கையெழுத்திடுவோம். மறுவருடம் இன்னும் இரண்டு மூட்டை கூடுதலாய் வரும். இப்படியே பதினோராண்டு ஓடியது.

பிரசவ விடுதியிலோ இரத்தம் வைக்க ஒரு குளிர்பெட்டி கிடையாது. ஊரின் மறுகோடியிலுள்ள இரத்த வங்கியிலிருந்து ரிக்‌ஷாவில் கொண்டுவர வேண்டும். மேட்டுப்பாளையத்து வேம்பு என்பவள் பிள்ளை பெற்றபின் உதிரம் நிற்காமல், இரத்தம் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே கண்ணை மூடினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் செல்வாம்பாள் அம்மையார். அன்றுமுதல் ஒவ்வொரு பிரசவத்தின்போதும் அவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

1979 சித்திரையில் குழுத் தலைவி மதாம் ஒதீல் நேரில் வந்தார். தம் குழுவினர் பின்னியதைப் பிள்ளைகள் போட்டிருப்பதைக் காண அவருக்கு ஆசை. நாங்கள் பதறிப்போய், கொளுத்தும் வெயிலில் பன்னிரண்டு பச்சைக் குழந்தைகளுக்கும் குல்லாய் மாட்டிவிட்டோம்.

அம்மையாருக்கு இரண்டு பக்கமும் பயம். சொன்னால் கோபத்தில் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்களோ? சொல்லாவிட்டால் அடுத்துச் சாகப்போகிறவள் யாரோ? வியர்த்து வீறிட்ட ஒரு பிள்ளையின் குல்லாயைக் கழற்றி, மதாமிடமே கொடுத்தார்.

"இது வேணாங்க மதாம். புள்ளைங்களுக்கு வேர்க்குரு போடுது. எங்களுக்கு வேண்டியது ரத்தம் வெக்கிற பெட்டி. அது இல்லாம பொம்பளைங்க சாவுறாங்க."

மொழிபெயர்க்க நின்ற கிருஷ்ணசாமி சிரித்த முகத்தோடு மதாமின் பக்கம் திரும்பினார். இதையும் அவர் நன்றியுரையாக்கிவிடுவார் என்று அம்மையாருக்குத் தெரியாதா?

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்கய்யா. நீங்களா எதுவும் சேக்காதீங்க."

அவர் சொன்னார். மதாமின் முகம் வெளுத்தது. பதினோரு வருடமாய் ஏன் ஒருவரும் எழுதவில்லை என்று கேட்டார். விடைபெறாமலே அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் ஆறு மாதம் ஒரு கடிதமும் இல்லை. மாத்திரை டப்பாக்கள் காலியாகிக்கொண்டே வந்தன. நானே கெடுத்துவிட்டேனோ என்று அம்மையார் சோறிறங்காமல் தவித்தார். நாங்களோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவர் காதுபடவே பேசினோம்.

ஐப்பசி மழையில் ஒரு மரப்பெட்டி வந்திறங்கியது. உள்ளே குளிர்பெட்டி. இனிமேல் என்ன வேண்டுமென்று அந்தச் செவிலியரே எழுதட்டும் என்று மதாம் இரண்டு வரி எழுதியிருந்தார். அம்மாதமே சாரம் பகுதியிலிருந்து வந்த கொளஞ்சி என்பவளுக்குப் பிரசவத்தில் உதிரம் கொட்டியது. பெட்டியிலிருந்த இரத்தம் ஏறியது. பிழைத்தாள், பிள்ளையோடு வீடு போனாள்.

அம்மையீர்! இனியாவது பதறாமல் சாப்பிட்டு, விடியும்வரை தூங்கி, ரெட்டியார்பாளையத்து வீட்டில் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். தாங்கள் போனபின் அடுத்த உண்மையைச் சொல்ல எங்களில் யாருக்குத் துணிவு வருமோ என்ற பயம் இப்போதே பிடித்துக்கொண்டது; அதை மறைக்கவில்லை. இம்மடலையும் கிருஷ்ணசாமிதான் எழுதினார். இதை மட்டும் வரிக்கு வரி வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டிருக்கிறோம்.

மகளிர் மருத்துவப் பிரிவு ஊழியர்கள்
புதுச்சேரி, 30.6.1986